உங்கள் பெயரை வெட்டிய நாள்

டொக்டர்,

இன்று காலை மாற்றலாகி வந்த ஒரு சத்திரசிகிச்சை டொக்டர் என் மேசையில் தன் சான்றிதழ்க் கோவையைத் தொப்பென்று போட்டார். "இருபது வருசமா வெட்டித் தைக்கிறன். இன்னுமா என்ட சேர்ட்டிபிகட்டப் பாக்கணும்?" கோபம் அவருக்கு. போட்டோப் பிரதிகளில் சூட்டு வாசனை இன்னும் போகவில்லை. அவர் கேட்ட கேள்வியில் உங்கள் நினைவு வந்தது.

சுனாமி வந்து மூன்றாம் நாள். ஆஸ்பத்திரி விறாந்தை முழுக்கக் காயக்காரர்கள். சத்திரசிகிச்சைக்கு நீங்கள் ஒருவர்தான். உங்கள் மனைவியைக் கடல் கொண்டுபோனது எங்களுக்குத் தெரியும். அடுத்து ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போக இருந்தது என் மூத்த சகோதரி, ராத்தா. சுவர் விழுந்து நசுங்கிய அவருடைய இடது கால் அழுகத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் என் மேசைக்கு வந்தீர்கள். "கிளாக்கர், தியேட்டர் லிஸ்டுல என்ட பேர வெட்டுங்க."

யார் கத்தி பிடிக்கலாம் என்ற அந்தப் பட்டியல் என் பொறுப்பில் இருந்தது. விளங்காமல் பார்த்தேன். கையை நீட்டிக் காட்டினீர்கள். விரல்கள் நடுங்கின.

"நேற்று ரெண்டு தரம் ஊசி வழுக்கிட்டு. வேற ஆருக்கும் கை இப்பிடி எண்டா உள்ள விடுவனா?"

"அப்ப ராத்தாட கால ஆர் பாக்கிற?"

உதவிக்கென்று இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் ஊர்ப் பெரிய குடும்பமொன்றின் மருமகன். வெளிநாட்டில் படித்த டொக்டர் என்றார். மற்றவர் தெற்கிலிருந்து லொறியில் வந்திறங்கிய சிங்களப் பெண் டொக்டர், முன்பின் தெரியாதவர். நான் மருமகனைக் காட்டினேன்.

"நல்ல குடும்பம் டொக்டர்."

"குடும்பத்தக் கேட்டிருக்கீங்க. பதிவு நம்பரக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. யாருடைய மகன், யாருடைய மருமகன் என்று தெரிந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை. கரையோரத்தில் போன் செத்துக் கிடந்தது. இருவரிடமும் பதிவு இலக்கத்தைக் கேட்டு எழுதித் தந்து, கடலுக்குத் தள்ளியிருந்த அம்பாறைக்குப் போய்க் கொழும்பு மருத்துவ சபையோடு போனில் கதைத்து வரச் சொன்னீர்கள். நேரமில்லை என்று கெஞ்சினேன்.

"உங்கட ராத்தா எண்டதாலதான் சொல்றன். ஓடுங்க."

மோட்டார் சைக்கிளில் போன வழியெல்லாம் உங்களைத் திட்டினேன். இவனெல்லாம் மனுஷனா என்றுகூடச் சொன்னேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மருமகன் தந்த இலக்கம் வேறு யாருடையதோ. அந்தப் பெண்ணின் இலக்கம் சரி, சத்திரசிகிச்சைக்கே படித்தவர். பின்னேரம் அஸர் தொழுகைக்கு நான் திரும்பியதும் ராத்தாவை உள்ளே கொண்டுபோனார்கள். நீங்களும் போனீர்கள், கத்தி பிடிக்க இல்லை. ராத்தா தமிழில் சொன்னதை அந்தப் பெண்ணுக்குச் சிங்களத்தில் சொல்ல. பிறகு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றீர்களாம்.

கை தேறிய பின்னும் நீங்களாக உள்ளே போகவில்லை. உங்களைவிட வயதில் எவ்வளவோ குறைந்த அந்தப் பெண்ணையே வரவழைத்து, உங்கள் வேலையைப் பார்த்துக் கையெழுத்து வைக்கச் சொன்னீர்கள். அந்தத் தாளை என்னிடம் நீட்டியபோது எழுந்து நின்றுதான் வாங்கினேன். இத்தனை வருடமாக எத்தனையோ பேருடைய கோவைகளைப் பார்க்கிறேன். தன் பெயரைத் தானே வெட்டச் சொன்ன இன்னொருவரை நான் காணவில்லை. நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு மேல் சிலிர்க்கிறது.

யுத்தம் முடிந்த வருடம் நீங்கள் போய்விட்டீர்கள். காரைதீவில் உங்கள் செத்தவீட்டுக்கு ராத்தாவும் வந்தார், இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி, தன் இரண்டு காலாலும் நடந்து. நான் தேம்பித் தேம்பி அழுவதைப் பார்த்து அவருக்குத் திகைப்பு.

"என்ன தம்பி இப்பிடி அழுறாய்? இவர் என்னத் தொட்டும் பாக்கல்லயே?"

"அதுக்குத்தான் ராத்தா அழுறன்" என்றேன்.