துணி ஆறட்டும்

முந்தாநாள் மேற்படிப்பு விண்ணப்பத்தை நிரப்பலாம் என்று சான்றிதழ் கோப்பைத் திறந்தேன். மதிப்பெண் பட்டியல்களுக்கு நடுவிலிருந்து உள்ளங்கை அகலத்தில் வட்டமான துணி ஒன்று விழுந்தது. பனியன் துணியின் எடை பார்ப்பதற்காக ரோலில் வெட்டி எடுக்கிற துண்டு. அதில் உன் கையெழுத்து: "பிரித்தது செவ்வாய், காலை ஒன்பது." துணியில் பேனா ஓடாது என்று நான் சொன்னதற்காகவே எழுதிக் காட்டினாய். மை கொஞ்சம் பரவியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.

விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள்: படிப்பு, வேலை அனுபவம், சொந்தத் தொழில் முயற்சி. முதல் இரண்டும் கால் மணி நேரத்தில் முடிந்தன. பி.காம்., மதிய ஷிப்ட். காலையில் பனியன் கம்பெனி ஆபீசில் எடுபிடி வேலை. அதை 'உதவியாளர்' என்று எழுதிக்கொண்டேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நீ அதே கம்பெனியில் செக்கிங்கில், உன் அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் இருந்தாய். பன்னிரண்டரைக்கு இருவரும் நூல் ஒட்டிய துப்பட்டாவோடு பஸ் பிடிப்போம். வகுப்பில் உன்னை எழுப்புவது என் வேலை, எனக்கு நோட்ஸ் கொடுப்பது உன் வேலை. தூங்கியவள் எப்படி நோட்ஸ் எடுத்தாய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது கட்டத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. 'உங்கள் தொழிலில் நேர்ந்த தவறு ஒன்றையும் அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் எழுதுக.' அங்கேதான் நின்றுவிட்டேன்.

இரண்டாம் ஆண்டில் குழந்தைகளுக்கான பனியன் போட்டு விற்கலாம் என்று முடிவு செய்தோம். என் அப்பா கணியூரிலிருந்து வந்து, வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்தார். "செய்யுங் கண்ணு. ஆனா ஒரு பேச்சு வந்துச்சுன்னா படிப்பும் வேண்டாம், பனியனும் வேண்டாம், ஊட்டுக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் ஆர்டர் தாராபுரத்தில் துணிக்கடை வைத்திருக்கிற என் தூரத்து மாமாவிடமிருந்து வந்தது. கட்டிங் மாஸ்டரை உன் அம்மா தன் பேரைச் சொல்லிப் பிடித்துக் கொடுத்தார்.

ரோலில் இறுகச் சுற்றி வருகிற பின்னல் துணியைப் பிரித்து, ஒரு நாளாவது மேசையில் தளர்வாகக் கிடக்க விட வேண்டும். இழுபட்டிருந்தது தன் அளவுக்குத் திரும்பிய பிறகுதான் கத்தி வைக்கலாம். திருப்பூரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "துணி ஆறட்டும்டி, நாளைக்குக் காலையில வெட்டச் சொல்லு" என்று நீ போனிலும் சொன்னாய். உனக்கு அன்று கம்பெனியில் ஓவர்டைம். மாஸ்டரோ அன்று மட்டும்தான் ஒழிவு, விட்டால் அடுத்த வாரம் என்றார். நான் ரோலைப் பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "எப்பங்க பிரிச்சுப் போட்டீங்க?" என்று கேட்டார். "நேத்தே போட்டாச்சுங்க" என்றேன். பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

மாமா எங்களைக் கடைக்கு வரச் சொன்னார். தண்ணீர் பட்டதும் சுருங்கிப்போன பனியன் ஒன்றைக் கல்லாவின் மேல் விரித்து, "ஏனுங் கண்ணு, இது கொழந்தைக்கா, பொம்மைக்கா?" என்று கேட்டார். கழுத்து எந்தக் குழந்தையின் தலையிலும் நுழையாது. நீ முன்னால் வந்து நின்றாய். "நாந்தான் அண்ணாச்சி அவசரப்பட்டு வெட்டச் சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

திரும்பும் பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாய். "ஏட்டி, உன்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா நான் யாரோட சேந்து தொழில் பண்ண? எங்கம்மா ரெண்டு நாளு வைவா. பொறவு சோறு போட்டுருவா." இரண்டு நாள் கழித்து, அம்மா சோறு போட்டாங்களா என்று கேட்டேன். போட்டாள் என்றாய். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். விடுவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த வட்டத் துணிப் பழக்கம். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு வட்டம் வெட்டி, பிரித்த நாளும் நேரமும் எழுதி, மேசை முனையில் குத்தி வைப்பாய். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வட்டத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். மாமா மறுபடி ஆர்டர் தந்தார், "அந்தப் புள்ளைய மட்டும் கட்டிங் பக்கம் விட்டராதீங்க" என்ற நிபந்தனையோடு. அதற்கும் சரி என்று தலையாட்டினேன்.

உனக்கு வந்தது ஐந்தே நாள் காய்ச்சல். பதினாறாம் நாள் காரியத்தில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மவ செஞ்ச தப்பைப் பொறுத்து அவளைக் கூடவே வச்சிருந்தியே, தாயி" என்றார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. துக்க வீட்டில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன், அவ்வளவுதான்.

நேற்று கம்பெனி விடும் நேரத்தில் கேட்டில் போய் நின்றேன். உன் அம்மா டிபன் பையோடு வந்தார். பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: ரோலை அன்றைக்குத்தான் பிரித்தது, மாஸ்டரிடம் சொன்ன பொய், பஸ்ஸில் நீ சொன்னது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப அவ வெட்டச் சொல்லலையா?"

"இல்லீங்கம்மா. வேண்டாம்னுதான் சொன்னா."

"அதுக்கு நான் அவகிட்ட பதினஞ்சு நாளு பேசல, தாயி. மாஸ்டர் மொகத்துல முழிக்க முடியாமப் பண்ணிட்டாளேன்னு. சோத்தைத் தட்டுல போட்டு வச்சிட்டு அந்தப் பக்கம் போயிருவேன். அவ பாட்டுக்குத் தின்னுட்டு வேலைக்கு வருவா. பக்கத்து மேசைதான். ஒரு வார்த்த பேசல."

டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

இன்று காலை மாமாவுக்கும் போன் செய்து சொன்னேன். இனி அப்பா காதுக்கு எப்படியும் போகும். மூன்றாவது கட்டத்தில் நடந்தது நடந்தபடி எழுதினேன், பொய் சொன்னது நான் என்பதையும் சேர்த்து. தொழிலைத் தொடங்கியவர்கள் என்ற இடத்தில் உன் பெயர் முதலில் இருக்கிறது. மேசையில் ஒரு ரோல் பிரிந்து கிடக்கிறது. அதன் வட்டத்தில் நாளும் நேரமும் இப்போது நான்தான் எழுதுகிறேன். நாளைக் காலைக்கு முன்னால் அதை யாரும் தொட முடியாது.

சோறு போட்டாள் என்று நீ சொன்னது பொய்யில்லை. அந்தப் பதினைந்து நாளும் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பஸ்ஸில் வந்தாய். நான் சோற்றைப் பற்றி மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.