கல்கத்தாவிலிருந்து ஐந்து மணி நேரம்

10-4-1949
மூத்தாரிடமிருந்து கடிதம். இவருடைய அண்ணன் ராசாங்கம், கல்கத்தாவில் சணல் ஆலை ஆபீஸில் பெரிய வேலை. சென்னைக்கு எண்ணூற்றைம்பது மைலாம், ஆகாய விமானத்தில் ஐந்தே மணி நேரமாம். அப்பாவுக்கு ஒன்றென்றால் தந்தி அடியுங்கள், பறந்து வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். மாமனார் படுத்தபடியே திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பீ மூத்திரம் அள்ளுகிற மகன் பக்கத்திலேயே நிற்கிறார், இவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

13-4
மாமனார் சொல்லிவிட்டார்: "பெரியவன் வராம என்னை எடுக்கக் கூடாது. கொள்ளி அவன்தான் வைக்கணும்."
மூத்த மகன் உரிமை. வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத மூத்த மகன்!
"உங்களுக்கு ரோசமே கெடையாதா?" என்று இவரைக் கேட்டேன்.
"அப்பாவுக்கு நான் வைக்கணும்னு எனக்கும் ஆசைதான் ஜெயா" என்றார். அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

18-4, திங்கள்
சாயங்காலம் மாமனார் போய்விட்டார். இவர் அரியலூருக்கு ஓடித் தந்தி கொடுத்துவிட்டு வந்தார்.

19-4
ஊர்ப் பெரியவர் அரியமுத்து கணக்குப் போட்டார்: "காலையில தந்தி கெடைக்கும். அஞ்சு மணி நேரம். மத்தியானம் ஆளு இங்க நிப்பாரு."
விமானம் எங்கள் கீழப்பழுவூர் ஏரிக்கரையிலேயே வந்து இறங்கும் என்ற நினைப்பு. சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில்தானே வர வேண்டும் என்றேன். பொம்பளை சொன்னால் யார் கேட்கிறார்கள்? பாடை கட்டியாயிற்று, பறை அடிக்கிறவர்களும் வந்தாயிற்று. மத்தியானம் போய்ப் பொழுதும் சாய்ந்தது. சித்திரை வெயில். வேப்பிலையாகக் கொட்டுகிறோம், வாடை அடங்கவில்லை. செத்த மனுசனை இந்தப் பாடு படுத்துகிறார்களே — வெட்கமாக இல்லை?

20-4
விடிந்து மூத்தார் வில்வண்டியில் வந்து இறங்கினார். கோட்டு, முறுக்கின மீசை. எனக்குக் கும்பிடக் கை எழவில்லை.
தலை மழிக்க உட்காரச் சொன்னார்கள். "மீசையையும் எடுக்கணுமா?" என்றார். அதுகூடப் பெரிசில்லை. "கொள்ளி வச்சவரு கருமாதி வரைக்கும் ஊரைத் தாண்டக் கூடாதுங்க, செத்த நாள்லேருந்து பதினாறு நாளு" என்று அரியமுத்து சொன்னதும் முகம் செத்துவிட்டது. திரும்பிப் போக விமானத்தில் இடம் பதிந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.
அத்தனை பேர் முன்னால், "நீயே வச்சுடுடா தம்பி. நீதான் இங்கயே கெடக்குற" என்றார்.
கிடக்கிறவர்தான் வைத்தார்.

21-4
மூத்தார் கிளம்பிவிட்டார். நாசமாய்ப் போகட்டும்.
எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவர் மொட்டைத் தலையோடு சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். "அவன் வேணாம்னு தள்ளுனதுதானே எனக்கு வந்துச்சு" என்கிறார்.

4-5
நேற்றுக் கருமாதி முடிந்தது.
இன்று மாமியார் இவரைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பதுதான் ஊர் வழக்கம். அதைச் சொல்லித் தேற்றப் போகிறார்கள் என்று நான் அடுப்பங்கரையில் நின்று காது கொடுத்தேன்.
"எனக்குப் பெரியவனே வைக்கட்டும்பா. அப்பாவுக்கு வைக்க முடியலைன்னு ஏங்கிப் போயிட்டான். முன்னாடியே தந்தி குடுத்துடு. லீவு போட்டுட்டுப் பறந்து வந்துடுவான்."
இவர் "சரிம்மா" என்றார்.