முதலாளி வெளியூர் போயிருக்கிறார்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே அப்பாவும் நானும் நலம். அவருக்குத் தோள்வலி மட்டும் குறையவில்லை. தைலம் தேய்க்கப் போனால் சிடுசிடுக்கிறார். உன் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை தைத்தாயிற்று. கழுத்துப் பட்டியைப் பிரித்துப் பிரித்துத் தைக்கச் சொன்னதில், மாப்பிள்ளை நீங்களா உங்கள் பையனா என்று தையல்காரர் கேட்டேவிட்டார்.

அகராதி வேலைக்காக நீ எழுதிய கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். செய்த வேலைக்குக் கொடுப்பதுதான் கூலி, கொடுத்தவர்கள் அதை வாங்குகிறவனுக்கே பெயராக வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். மறுநாள் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களிடமெல்லாம், "நாம வாங்குறதுதான்டா கூலி, நாம கூலி இல்ல. எம்பையன் எழுதியிருக்கான்" என்று சொல்லி மேஸ்திரியிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

இனி எழுதப்போவதை மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். இதுவரை உன்னோடு மட்டுமே பேசியிருந்த உன் வருங்கால மாமியார், வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்து இறங்கினார். அப்பா வேலை முடிந்து, கழுத்தெல்லாம் சிமெண்டுத் தூசியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா என்னிடம், "சம்பந்தி இல்லையா? சிமெண்டு ஏஜென்சியை விட்டுட்டு வர அவருக்கு எங்க நேரம் இருக்கும்!" என்றார். அப்பா எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "முதலாளி வெளியூர் போயிருக்காரும்மா. நான் மூட்டை தூக்குற கூலிங்க" என்றார்.

காரிலிருந்த பழக்கூடையை அவர்தான் உள்ளே தூக்கி வந்து வைத்தார். போகும்போது அந்த அம்மா அவர் கையில் ஒரு நோட்டைத் திணித்தார். மறுத்தால் சந்தேகம் வருமே என்று கும்பிட்டு வாங்கிக்கொண்டார். உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, தம்பி.

அவருக்குக் கோபமே இல்லை. "என்ன சங்கடத்துல சொன்னானோ, விடும்மா" என்கிறார். முதலாளிக்கு உடம்பு சரியில்லை என்று கல்யாணத்தில் நான் சொல்லிவிட வேண்டுமாம். மண்டபத்தில் நாற்காலி இறக்குகிறவர்களோடு அவர் வந்து, ஓரமாக நின்று உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். அந்த அம்மா பார்த்தாலும் சந்தேகப்பட மாட்டார் என்று சொல்லிச் சிரிக்கிறார். புதுச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

நீயே வந்து அவரை அழைத்துக்கொண்டு போ. என்ன வேலை செய்கிறார் என்று சொல்ல உனக்கு நா எழாவிட்டால் போகட்டும். "இவர் எங்க அப்பா" என்று மட்டும் சொல். மற்றதை அவர் சொல்லிக்கொள்வார்.

நீயும் அவளும் நெடுநாள் நன்றாக வாழ வேண்டும். அதை அப்பா மேடையேறி, உங்கள் தலையில் கை வைத்துச் சொல்லட்டும்.

உன் அக்கா