வெளிச்சத்தில் கை வைக்காதே

புது ஃப்ளெக்ஸின் வாடை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. உன் முதலாண்டு நினைவுக்கு உன் தம்பி அடித்துக்கொண்டு வந்தது. பிரித்துப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரடி அவள்? ரோஜா நிறத்தில், வழுவழுவென்று, புருவத்துத் தழும்புகூட இல்லாமல்! ராயபுரத்தில் அப்படி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை.

"நல்லாத்தானேக்கா கீது? கடைக்காரரு பளிச்சுனு பண்ணிக் குட்த்தாரு" என்றான் உன் தம்பி.

இந்தச் சண்டை நமக்குப் புதிதா? டிஜிட்டல் கேமரா வந்த புதிதில் நாம் வேலை பார்த்த ஸ்டூடியோவுக்காக வியாசர்பாடி ரிசப்ஷன் ஒன்றை நீ படமெடுத்து வந்தாய். மங்கல் வெளிச்சம். மணப்பெண்ணின் கறுத்த முகமெல்லாம் மிளகாய்த்தூள் தூவியதுபோல் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். ஸ்டூடியோ வழக்கப்படி, நிறமும் வெளிச்சமும் கலந்தே கிடக்கும் ஆர்ஜிபியிலேயே வைத்து கம்ப்யூட்டரில் மொத்தமாக மழுப்பினேன். புள்ளியோடு இமைமுடியும் போய்விட்டது.

"இன்னாடி இது, பொண்ணு மூஞ்சையே தொடச்சி வச்சிகீற?" என்றாய்.

"எல்லாரும் செவப்பாத்தான் கேக்குறாங்க, சீக்கிரம் முடிங்க" என்றார் முதலாளி.

"கறுப்பா பொறந்தது இன்னா நோவா சார்?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அவர் முகம் போன போக்கை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனி அடுக்காகப் பிரித்துக் காட்டும் 'லேப்' முறைக்குப் படத்தை மாற்றி, ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்த்தோம். வெளிச்சத்துக்கென்று இருந்த ஒன்றில் இமை, மச்சம், சிரிப்புக் கோடு எல்லாம் கறுப்பு வெள்ளையில் அப்படியே இருந்தன. நிறத்துக்கான மற்ற இரண்டில்தான் திட்டுத்திட்டாக அந்தப் புள்ளிகள்.

"பாத்தியா? கலீஜ் கலர்ல கீது, மூஞ்சி வெளிச்சத்துல கீது. வெளிச்சத்துல கை வைக்காத."

நிறத்தை மட்டும் மழுப்பினேன். புள்ளி போனது, பெண் மிஞ்சினாள். ஆல்பத்தை வாங்க வந்தவள், "நான் நானாவே கீறேன்க்கா" என்று உன்னைக் கட்டிக்கொண்டாள்.

அதனால்தான் நேற்று அந்த ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு கடைக்கே போனேன். காசிமேட்டில் பொழுது சாயும் நேரத்தில் நான் உன்னை எடுத்த படம், புள்ளி மண்டியது, என் பழைய சிடியில் இருந்தது; அதையும் எடுத்துப் போனேன். "தெருவுல மாட்றதுக்கு இவ்ளோ வேலையாக்கா?" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். எழுந்திருங்கள் என்று சொல்லி அவர் நாற்காலியில் நானே உட்கார்ந்து நிறத்தை மட்டும் மழுப்பி, வேறு ஃப்ளெக்ஸ் அடித்து வாங்கினேன்.

இன்று காலையில் அதை உன் வீட்டு வாசலில் கட்டினோம். வழுவழுத்த படத்தை வெறுமனே பார்த்துவிட்டு உள்ளே போன உன் அம்மா, இதன் முன்னால் வந்து நின்றார். தழும்பின்மேல் விரலை வைத்தார். பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

எனக்கும் ஒருநாள் ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள். உன் தம்பியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்: புள்ளியை எடுக்கட்டும், வெளிச்சத்தில் எவனாவது கை வைத்தால் எழுந்து வந்து கேட்பேன்.