தகவல் பலகையில் ஒரு நன்றிக் கடிதம்

மார்ச் 4

அன்புள்ள மகனுக்கு,

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் முதலில் தெரிந்தது மின்விசிறியின் அழுக்கு. இத்தனை நாளும் வீடு சுத்தம் என்று நம்பி வாழ்ந்திருக்கிறேன்!

ஆறு மாதம் ஆகும் என்ற அரசு மருத்துவமனைக்காரர்கள் ஆறே நாளில் கூப்பிட்டார்கள். "அமைச்சரே லெட்டர் போட்டிருக்காரும்மா, உங்களை எப்படிக் காக்க வைக்கிறது?" என்றார் டாக்டர். என்னிடம் ஏன் சொல்லவில்லை? உதவி பெற்றால் மூன்று நாளுக்குள் நன்றி எழுத வேண்டும் என்பது கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கியது. தலைமை மருத்துவருக்கு எழுதிவிட்டேன், உன் கடிதத்தையும் குறிப்பிட்டு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

மார்ச் 11

அன்புள்ள அம்மா,

உங்கள் நன்றிக் கடிதத்தைத் தலைமை மருத்துவர் பெருமையோடு தகவல் பலகையில் ஒட்டிவிட்டார். வரிசையில் நின்ற ஒருவர் அதைப் படம் எடுத்துவிட, இன்று எல்லாப் பத்திரிகையிலும் உங்கள் கையெழுத்து. அழகாகத்தான் இருக்கிறது.

அமைச்சர் பெயர் அச்சிட்ட தாளில் சொந்த வீட்டாருக்குச் சலுகை கேட்பது நடத்தை விதிகளுக்கு விரோதம். உங்கள் கண்ணை நினைத்தேன், விதியை நினைக்கவில்லை. "அம்மாவுக்கு வயசாச்சு, ஏதோ குழப்பத்துல எழுதிட்டாங்கன்னு சொல்லிடுங்க சார், பதவி தப்பிச்சிடும்" என்கிறார் என் செயலாளர். அப்படி இரண்டு வரி எழுதித் தருவீர்களா?

உங்கள் மகன்

மார்ச் 13

மகனுக்கு,

மாட்டேன். குழப்பமா, எனக்கா? ஒன்றாம் வகுப்பில் நீ வாங்கிய கணக்கு மதிப்பெண்ணைச் சொல்லட்டுமா? வேண்டாம், என் கடிதங்களைப் பத்திரிகைக்காரர்கள் படிக்கும் காலம் இது.

எனக்கு முன்னால் பதிந்திருந்தவர் ஒரு தையல்காரராம். ஊசியில் நூல் கோக்க முடியாமல் நான்கு மாதமாகக் காத்திருக்கிறார். நேற்று அவர் கடைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா, பையன் பாசத்துல பண்ணிட்டான்" என்றார். அவர் விட்டுவிட்டார். நான் விடுவதாக இல்லை.

ராஜினாமாவை நீயே எழுது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாதே. செயலாளர் மேல் பழி போடாதே.

அம்மா

மார்ச் 18

அன்புள்ள மகனுக்கு,

உன் ராஜினாமாக் கடிதத்தைப் பத்திரிகையில் படித்தேன். 'தவறு என்னுடையது' என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய். 'மிகவும்' இரண்டு இடத்தில் வருகிறது; ஒன்று போதும்.

"பதவி போயிடுச்சாமே?" என்று மாடி வீட்டுக்காரி இழுத்தாள். "போகலை, அவனா விட்டான்" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அரசுக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயாம். சனிக்கிழமை பேருந்தில் வா. கொடி கட்டிய காரில் நீ வந்த நாளெல்லாம் நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. சனிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்பேன்.

அம்மா