பெயர் இருந்த துண்டு

கள்ளக்குறிச்சி
வியாழன்

மகளுக்கு,

நேற்று எங்கள் பேக்கரியில் என்கூட வேலை செய்யும் ஜெயப்பிரகாஷுக்குப் பிறந்தநாள். உனக்கும்தான்.

அவன் கேக்கில் நான்தான் பெயர் எழுதினேன். மெழுகுவர்த்தி ஏற்றும்போதுதான் பார்த்தோம், கிரீமில் உன் பெயர். வருடா வருடம் அந்தத் தேதியில் எழுதிப் பழகிய கை.

யாரும் சிரிக்கவில்லை. ஜெயப்பிரகாஷ், உன் பெயரில் கத்தி படாமல் சுற்றி வெட்டினான். நடுத்துண்டை டப்பாவில் வைத்து, "பாய், இத வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க" என்றான்.

நீ காதலித்தவனோடு போன நாளிலிருந்து, வீட்டில் உன் பெயரைச் சொல்லக்கூடாது என்றவன் நான். அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள். மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள். தம்பியைக்கூடத் தொடவிடவில்லை.

ஜெயப்பிரகாஷ் இன்று உங்கள் ஊருக்கு, ரிஷிவந்தியத்துக்கு வருகிறான். கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

கிரீம் கேக் நாளை வரைதான் தாங்கும். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

அத்தா