பாடகி மூன்று

மாதா துணை
கச்சிராயபாளையம்

அன்பு மகள் ஜெஸிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், மழைக்கு அவருடைய முட்டிவலிதான் கொஞ்சம் ஜாஸ்தி. உன் சளி விட்டதா? போனில் சொன்னால் நடுவில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம், உன் தம்பி அமல் போட்டோ எடுத்து அனுப்புவான்.

மலைமேல் நம் காசியம்மாளின் நிலத்துக்குப் பட்டா விசாரணை வந்திருக்கிறது. மூன்று தலைமுறையாக உழுகிற இடத்துக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். அவளிடம் காகிதம் ஏது, பாட்டுதான் இருக்கிறது. சாமை அறுப்பில் பாடுவாளே, எந்த மேட்டை யார் திருத்தியது, எந்த ஓடை யாருக்கு எல்லை என்று வரிசையாகப் பெயர் சொல்லி, அதைத்தானே பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ உன் ஆராய்ச்சிக்காகப் பதிவு செய்து புத்தகமாக்கினாய். போன வாரம் அந்தப் புத்தகத்தைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போனேன். அதிகாரி பொறுமையாகத்தான் புரட்டினார். ஊர்ப் பெயரே இல்லையேம்மா, ஒரு மலைக்கிராமம் என்றுதான் இருக்கிறது, பாடியவர் பாடகி மூன்று என்கிறது, ஓடைக்கும் வேறு பெயர் போட்டிருக்கிறார்கள் என்றார். காசியம்மாள் என்னைப் பார்த்து, ஓட்டு கேக்க வந்தா காசியம்மான்னு கூப்புட்றாங்க, பாட்டுல மட்டும் நான் மூணாம் நம்பரா, உம் பொண்ணு இன்னாத்துக்கு எம் பேர எடுத்துட்டா என்று கேட்டாள்.

பெயர் தெரிந்தால் அவர்களுக்குத் தொல்லை வரும், மறைப்பதுதான் எங்கள் படிப்பில் முறை என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. நல்ல மனசோடுதான் செய்தாய். இன்று மறைத்ததே தொல்லையாகிவிட்டது. குடியுரிமை, அரசியல் என்று ஊர் ஊராகப் பேசுகிறாய், எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அந்தப் பேச்செல்லாம் இவள் வாயிலிருந்து வந்தது. பாடகி மூன்று காசியம்மாள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெட்டாத ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பு. பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டும் என்பாய். தாராளமாகக் கேள். சம்மதம் அவளுடையது, கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டாள். பெயரை மறைக்கும்போது அவளைக் கேட்டாயா என்று மட்டும் யோசித்துப் பார்.

இருபத்திரண்டாம் தேதி மறுபடி விசாரணை. உன் கடிதம் வராவிட்டாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். நீ பாட்டைப் பதிவு செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களையெல்லாம் எழுதியவள் நான், அந்த நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. முதல் பஸ்ஸில் மலையேறி அந்த அதிகாரியின் மேஜைமேல் வைப்பேன். காசியம்மாள் அங்கேயே பாடிக்காட்டப் போகிறாளாம். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியில் காலம் தள்ளாதே. மாதா உன் கூடவே இருப்பாள். கீழே என் பெயரை முழுசாக எழுதியிருக்கிறேன். நீயும் அவள் பெயரை அப்படியே எழுது.

இப்படிக்கு உன் அம்மா,
ஜூலியா செபாஸ்தியான்